தம்பானை எண்ணெய் போத்தலும் எங்க அப்பாயியோட பாவட்டை எலையும்

தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாரு: "எங்க மாமா வேடுவங்க ஊரு தம்பானைக்கு டூர் போயிட்டு ஒரு எண்ணெய் போத்தல் வாங்கிட்டு வந்தாரு, முட்டி வலிக்கு அம்மா அததான் போட்டுகிட்டு இருக்காங்க, வேடுவ தலைவரு பழைய வைத்தியத்தையும் கலாச்சாரத்தையும் மறுபடி கொண்டு வர்றாருன்னு மாமா சொல்றாரு, நெசமா அண்ணே? அப்படின்னா நம்ம தேயிலைத் தோட்டப்பக்கம் ஏன் அந்த மாதிரி ஒருத்தரும் இல்ல?"

அவரு கொண்டு வர பாக்குறாருங்கறது நெசம்தான் தம்பி, ஆனா போத்தல வச்சு அத அளக்க முடியாது. ரெண்டாவதா கேட்டீங்களே, நம்ம பக்கம் ஏன் இல்லன்னு, அது என்னைய ரெண்டு நாளா போட்டு கொடைஞ்சிருச்சு, அதனால கொஞ்சம் நீளமாத்தான் எழுதப் போறேன், ஒரு தேத்தண்ணிய ஊத்தி பக்கத்துல வச்சுக்குங்க.

நான் இலங்கையில பதுளை மாவட்டத்து பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல பொறந்தவன். அப்பாயி லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, மருத்துவிச்சி, எலும்பு கட்டுறது, சுளுக்கு எடுக்குறது, புள்ளைக்கு ஒரமருந்து எல்லாம் அவங்கதான். நான் வளந்து தோட்டத்து டிஸ்பென்சரியில 19 வருஷம் புண்ணு கழுவி மருந்து கட்டினவன். அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். தம்பானைக்கு அஞ்சாறு தடவ போயிருக்கேன், மஹியங்கனையில இருக்குற ஒரு சிங்கள கூட்டாளியோட.

மொதல்ல அந்த எண்ணெய முடிச்சிருவோம். வேடுவங்க பழைய காலத்துல முறிவுக்கும் ஆழமான வெட்டுக்காயத்துக்கும் மலைப்பாம்பு கொழுப்புல காய்ச்சுன எண்ணெயதான் பேரு போன மருந்தா வச்சிருந்தாங்க, சிங்களத்துல பிம்புரு தெல்லுன்னு சொல்லுவாங்க. இன்னைக்கு மலைப்பாம்பு சட்டத்தால பாதுகாக்கப்பட்ட உயிரு, கொன்னா உள்ள போக வேண்டியதுதான். அதனால டூர் வர்ற ஆளுக்கு தேன் போத்தல், மணி மாலையோட சேத்து விக்கிற எண்ணெய்ல அது இருக்கும்னு நெனைக்காதீங்க, ஏதோ பச்சிலை போட்டு காய்ச்சுனதா இருக்கும். அம்மாவுக்கு சூடு பண்ணி தேய்ச்சு விடுங்க, தேய்க்குற கையிலேயே பாதி வலி போயிரும். ஆனா முட்டி வீங்கி செவந்து தொட்டா கொதிக்குற மாதிரி இருந்தா எண்ணெய வச்சுகிட்டு நாள கடத்தாதீங்க, ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. பாம்பு கடிச்சாலும் அப்படித்தான், வேடுவ வைத்தியமோ எங்க அப்பாயி வைத்தியமோ எதுக்கும் காத்திருக்காம நேரா ஆஸ்பத்திரி. இத சொல்றது அப்பாயி பேரன், டிஸ்பென்சரிக்காரன் மட்டும் இல்ல, ஏன்னா அவங்களே பாம்புக்கடி கேஸ் வந்தா கைய வைக்க மாட்டாங்க, "லாரிய கூப்புடுங்கடா"ன்னுதான் கத்துவாங்க.

இப்ப தலைவர் கதைக்கு வர்றேன். பதுளையிலருந்து துன்ஹிந்த தாண்டி, தல்தென, மீகஹகிவுல வழியா எறங்குனா மஹியங்கனை. அந்த பக்கத்துக்கு பழைய பேரு பிந்தனை. அங்கருந்து பதியத்தலாவை ரோட்டுல போனா தம்பானை, உள்ள கொட்டபகினிய கிராமம். நம்ம தேயிலை மலையில நின்னு கீழ பாத்தா கலங்கலா தெரியுதே அந்த காடு, அதுதான் அவங்க ஊரு. நாம வேடுவர்னு சொல்றோம், சிங்களத்துல வெத்தா, ஆதிவாசி, அவங்க தங்கள சொல்லிக்கிறது வன்னியலே எத்தோ, காட்டுல வாழுற மனுசங்கன்னு அர்த்தம். இப்போதைய தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோ. ஊருவரிகேங்கறது வம்சத்து பேரு, மொரானவரிகே, உனாபானவரிகேன்னு வேற வம்சங்களும் இருக்கு. இவரோட அப்பா திஸாஹாமி 1998ல தவறுனதுக்கு அப்புறம் இவரு தலைவரானாரு. தோள்ல கோடரி, தாடி, சாரம், போட்டோவுல பாத்திருப்பீங்க. வணக்கம் வைக்கிறதெல்லாம் கெடையாது, ரெண்டு கையாலயும் நம்ம முன்னங்கைய ரெண்டையும் புடிப்பாங்க, புடிச்சா ஒரு நிமிசம் விட மாட்டாங்க. மொத தடவ எனக்கு கூச்சமா போச்சு. லயத்துல பொறந்தவன பெரிய மனுசன் எவன் அப்படி கைய புடிச்சிருக்கான்.

அவங்க வைத்தியத்த மூலிகைன்னு மட்டும் நெனச்சா பாதி விட்டுப்போயிரும் தம்பி. செத்துப்போன சொந்தக்காரங்கதான் அவங்களுக்கு காவல், நே யக்குன்னு சொல்லுவாங்க. யக்கான்னு கேட்ட உடனே நமக்கு பேய்னு தோணும், அது தப்பு, நம்ம குலசாமி, முன்னோர் மாதிரின்னு வச்சுக்குங்க. அதுக்கு மேல கந்தே யக்கா, ஒரு காலத்துல பெரிய வேட்டைக்காரனா இருந்து செத்து சாமியானவரு, அவரோட தம்பி பிலிந்தி யக்காவும் உண்டு. கிரி கொரஹன்னு ஒரு சடங்கு, கிரின்னா பாலு, கொரஹன்னா சட்டி. முக்காலி மாதிரி நட்டு அதுமேல தேங்காப்பால் சட்டிய வச்சு, சாமியாடி கையில அம்ப புடிச்சுகிட்டு அத சுத்தி சுத்தி ஆடுவாரு, மேல சாமி எறங்கும், அந்த பால எல்லார் மேலயும் தெளிப்பாரு. செலிக்மன்னு ஒரு வெள்ளக்காரரும் அவரு சம்சாரமும் வந்து தங்கி பாத்து 1911ல எழுதி வச்சிருக்காங்க, நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னைக்கும் ஆடுறாங்க. டூர்க்காரங்களுக்கு ஆடி காட்டுறது ஒன்னு, வீட்டுல சுகமில்லாதவங்களுக்காக ஆடுறது இன்னொன்னு, ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது.

இத நான் எங்க தோட்டத்துல பாத்ததோட வச்சு பாக்குறேன். எங்க லயத்துல ஒரு கோடாங்கி தாத்தா இருந்தாரு, உடுக்க எடுத்தா மாடசாமி எறங்கும், வேப்பெலைய அடிச்சு குறி சொல்லுவாரு. ஃபெக்டரியில ரோதமுனி, தேயிலைச் செடிய கத்தரிச்சு கவ்வாத்து வெட்டுற மலையில கவ்வாத்துசாமி. இந்த சாமிங்கல்லாம் இந்தியாவுலருந்து கப்பல்ல வந்தது இல்ல, இங்க தேயிலைக்குள்ளயே பொறந்த சாமி, மெஷின் ரோதையில கை போயிருமேன்னு பயந்த மனுசன் கும்புட்ட சாமி. வேடுவனுக்கு காடு எப்படியோ நமக்கு மலை அப்படித்தான்.

வள்ளிய மறந்துராதீங்க. கதிர்காமத்துல ஆடி வேல் திருவிழாவுக்கு சாமி போறது எங்க, வள்ளியம்மா கோயிலுக்கு. வள்ளி யாரு, வேடர் வீட்டு பொண்ணு. செல்லக்கதிர்காமத்துல மாணிக்க கங்கை கரையில நின்னுகிட்டு புள்ளையார் யானையா வந்து வெரட்டுன கதைய நாம பக்தியா சொல்றோம், தம்பானை ஆளுங்களும் அவ எங்க வீட்டு புள்ளன்னு சொல்றாங்க. அப்ப முருகன் அவங்களுக்கு மாப்புள்ள மொற. என் கூட்டாளி இத சொல்லி என்னைய கேலி பண்ணுவான், நீங்க மாப்புள்ள வீடு, அவங்க பொண்ணு வீடு, சீர் செனத்தி ஒழுங்கா கொண்டு போங்கடான்னு. கெழக்குக் கரையில வாகரைப் பக்கம் தமிழ் பேசுற வேடர்களே இருக்காங்க, இது நம்மாளு நெறைய பேருக்கு தெரியாது.

இனி முக்கியமானது. 1977க்கு அப்புறம் மகாவலி ஆத்த மறிச்சு வயலுக்கு தண்ணி கொண்டு போற துரித மகாவலி திட்டம் வந்துச்சு, 1983ல மாதுறு ஓயா தேசிய பூங்கான்னு கிட்டத்தட்ட 58,850 ஹெக்டேயர அறிவிச்சாங்க. அதுக்குள்ளதான் அவங்க வேட்ட, தேனு, கிழங்கு, மருந்துக்கொடி எல்லாமே இருந்துச்சு. ராத்திரியோட ராத்திரியா தன் காட்டுக்குள்ள போறவன் கள்ளன் ஆயிட்டான். நெறைய குடும்பத்த ஹெனாநிகலைங்கற எடத்துக்கு கொண்டு போயி வயல் குடுத்து குடி வச்சாங்க. திஸாஹாமி மட்டும் அசையல, கொஞ்ச குடும்பத்தோட கொட்டபகினியவுலயே ஒக்காந்துட்டாரு. மகன் வன்னில எத்தோ தலைவர் ஆகுறதுக்கு முன்னாடியே 1996ல ஜெனீவா போயி ஐநா பழங்குடி மக்கள் செயற்குழு முன்னால பேசினவரு. 2021ல பொல்லெபெத்த, ரம்பக்கன் ஓயா பக்கம் சோளம் போடுறதுக்காக காட்ட அழிக்கிறாங்கன்னு சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்னோட சேந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு போனாரு. கோடரி தோள்ல வச்ச மனுசன் கோர்ட்டுக்கு போறது ஏன்னு யோசிங்க. சோளத்துக்கு தள்ளுன மரத்தோடதான் மருந்துக்கொடியும் போகுது. தேன் எடுக்க காட்டுக்குள்ள போகாத பையனுக்கு எந்த மரத்து பட்டைய எந்த பக்கம் சீவணும்னு எந்த பள்ளிக்கூடம் சொல்லிக் குடுக்கும்? மாமா சொல்ற வைத்தியம், கலாச்சாரம் எல்லாம் அந்த மனுசனுக்கு காட்டுக்குள்ள போற உரிமைங்கற ஒரே வழக்குதான். நான் அவர நம்புறது அதனாலதான், எண்ணெய வித்துட்டு ஒதுங்கியிருந்தா நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

நான் கண்ணால பாத்தது ஒன்னு. மூணாவது தடவ போனப்ப ஒரு பெரியவரு, தலைவர் இல்ல, சாதாரண ஆளு, மருந்துக்கு பட்டை எடுக்க போறாருன்னு கூடவே போனோம். மரத்துகிட்ட போயி வெத்தல எச்சிய துப்பிட்டு வாய தொடச்சாரு. ரெண்டு நிமிசம் மெதுவா என்னமோ சொன்னாரு, எங்கள பாத்து இல்ல, மரத்த பாத்து. அப்புறம் கெழக்கு பாத்த பக்கம் மட்டும் ஒரு சாண் நீளம், ரெண்டு வெரல் அகலம், அவ்வளவுதான் சீவுனாரு. என் கூட்டாளி "இன்னும் கொஞ்சம் எடுங்க, மறுபடி யாரு வர்றது"ன்னு சிங்களத்துல சொன்னதுக்கு, சுத்தி எடுத்தா மரம் செத்துரும், அப்புறம் உங்க புள்ள எதுக்கு வரும்னாரு. சீவுன எடத்துல மண்ண கொழச்சு பூசிட்டு வந்துட்டாரு. வரும்போது எனக்கு அப்பாயி நெனப்புதான்.

ஏன்னா அவங்களும் அப்படித்தான். பொழுது சாஞ்சு வெளக்கு வச்சதுக்கு அப்புறம் ஒரு எலை கிள்ள விட மாட்டாங்க, செடி தூங்குதும்பாங்க. சித்த வைத்தியத்துல காப்பு கட்டி சாப நிவர்த்தி பண்ணி மூலிகை எடுக்கணும்னு இருக்குல்ல, அப்பாயிக்கு மந்திரம் தெரியாது, "ஆத்தா, புள்ளைக்கு வேணும், கோவிச்சுக்காத"ன்னு சொல்லிட்டுதான் பறிப்பாங்க. சுளுக்குன்னு வந்தா பாவட்டை எலைய வேப்பெண்ணெய் தடவி தோசக்கல்லுல வாட்டி, துணியில முடிஞ்சு ஒத்தடம். எனக்கு ஒம்போது வயசுல தண்ணி புடிக்கிற பீலியில வழுக்கி விழுந்து கணுக்காலு பொடச்சிருச்சு. இஸ்தோப்பு திண்ணையில ஒக்கார வச்சு, "டேய் அந்தா பாரு தொரை ஜீப்பு"ன்னாங்க, நான் திரும்பவும் ஒரு இழுப்பு. கத்துன கத்துல பக்கத்து காம்பராவுல அரிசி பொடைச்சுகிட்டு இருந்த அத்தை சொளகோட ஓடி வந்துருச்சு. அந்த எலை வாசம் இன்னைக்கும் மூக்குல இருக்கு, பச்சையும் கருகலும் கலந்த ஒரு வாசம். வல்லாரை கான் (தண்ணி ஓடுற வடிகால்) ஓரத்துல, தூதுவளை வேலியில, ஆடாதோடை கோயில் பின்னால, குப்பைமேனி லயத்து வாசல்லயே, வெனிவெல்கட்டைக்கு (மரமஞ்சள்) மட்டும் கீழ நாட்டுக்கு சொல்லி விடுவாங்க, அதையும் கொத்தமல்லியையும் அவிச்சா காச்சல் தண்ணி.

அப்ப நம்ம பக்கம் ஏன் ஒரு தலைவர் வரல? எனக்கு தெரிஞ்ச காரணத்த சொல்றேன்.

ஒன்னு, தெரிஞ்சவங்களும் செடியும் பிரிஞ்சு போச்சு. 1948 சட்டத்துல நம்ம தோட்டத் தமிழருக்கு பிரஜாவுரிமை போச்சு, 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேர இந்தியாவுக்கு, 3,00,000 பேர இங்கன்னு ஆள பங்கு போட்டாங்க. பதுளையிலருந்து ஒப்பாரி கோச்சின்னு பேரு வாங்குன ரயில் ஏறி தலைமன்னார், அங்கருந்து கப்பலு. எங்க அப்பாயியோட அக்காதான் புள்ள வைத்தியத்துல கெட்டிக்காரி, அவங்க குடும்பம் போச்சு. கோடாங்கி தாத்தாவும் உடுக்கைய எடுத்துகிட்டு போயிட்டாரு. அக்கா அங்க போயி எழுதுன மொத கடுதாசியில இருந்தது என்ன தெரியுமா, "இங்க நம்ம கான் வல்லாரை மாதிரி இல்ல, எல்லாம் காஞ்சு கெடக்கு, எனக்கு கை ஓடல." வேடுவன காட்டுலருந்து பிரிச்சாங்க, அந்த காடு கண்ணுக்கு எட்டுற தூரத்துலதான் இருக்கு. எங்க அப்பாயியோட அக்காவ கடல தாண்டி பிரிச்சுட்டாங்க.

இன்னொன்னு மண்ணு. காடு எங்களுதுன்னு சொல்ல வேடுவனுக்கு ஒரு கதை இருக்கு, பழைய பாளி நூல் மகாவம்சத்துலயே இயக்கர் குலத்து குவேனியோட புள்ளைங்க மலைநாட்டுக்கு ஓடிப்போயி புளிந்தர், அதாவது காட்டு சனம், ஆனாங்கன்னு இருக்கு. அதனால சட்டம் அவன தள்ளி வச்சாலும் இவன்தான் மொத ஆளுன்னு ஒரு மரியாத, மஹியங்கனை பெரஹரா ஊர்வலத்துல எடம், கண்டி தலதா மாளிகைக்கு தேன் கொண்டு போற மொற, எல்லாம் கெடைக்குது. நம்மள 1823லருந்து வந்தவங்கன்னு எழுதி, 200 வருஷம் முடிஞ்சும் லயத்து வாசல்ல நட்ட தூதுவளை யாருதுன்னு கேட்டா தோட்டத்துதுன்னுதான் பதில். எங்க கான்ல இருந்த வல்லாரைய ஒரு நாள் காலையில களைகொல்லி அடிச்சு கருக்கிட்டாங்க, அப்பாயி அப்ப படுக்கையில, கேட்டாங்க, நான் மழைக்கு அழுகிருச்சுன்னு பொய் சொன்னேன். 2015ல கிளைபோசேட்டுங்கற களைகொல்லிக்கு தடை வந்தப்ப தோட்டக்காரங்க களை வெட்ட ஆள் இல்லன்னு கத்துனாங்க, ஆனா அந்த மூணு வருஷத்துல எங்க கான்ல வல்லாரை மறுபடி வந்துச்சு, நான் கண்ணால பாத்தேன். 2018ல தேயிலைக்கும் ரப்பருக்கும் தடைய எடுத்தாங்க, மறுபடி போச்சு.

வெக்கமும் ஒரு காரணம், அத மறைக்க வேணாம். தப்பு மேளம் அடிச்சவங்கள நாமளே சாதி சொல்லி வாசல்ல நிக்க வச்சோம், கோடாங்கி வீட்டு புள்ளைய பள்ளிக்கூடத்துல கேலி பண்ணோம், டிஸ்பென்சரியில வெள்ள கோட்டு போட்டவரு "யாருடா இந்த எலைய கட்டுனது"ன்னு கத்துனப்ப எங்க அப்பாயி கட்டுனதுன்னு நான் வாய தொறக்கல. அந்த புண்ணு ஆறிக்கிட்டு வந்த புண்ணு தம்பி, அத நான்தான் அவுத்து டெட்டோல் போட்டு கழுவுனேன். சான்றிதழ் கடுதாசி உள்ள வைத்தியருக்கு நாட்டுல எடம் இருக்கு, 1961 ஆயுர்வேத சட்டத்துல பாம்பு விஷம், எலும்பு முறிவுன்னு பாரம்பரிய வைத்தியருக்கும் பதிவு உண்டு, யாழ்ப்பாணத்துலயும் திருகோணமலையிலயும் சித்த வைத்தியம் கம்பஸ்ல படிக்கலாம். கைநாட்டு வைக்கிற கெழவிய பதிய யாரு கூட்டிட்டு போறது.

எல்லாம் போச்சுன்னு சொல்ல வரல. இப்ப பொடியனுங்க தப்ப தோள்ல போட்டு மேடை ஏறுறாங்க, மாசியில மூணாம் பெறைக்கு காமன் கூத்துக்காக காமன் கம்பு ஊனுற தோட்டம் இன்னும் இருக்கு. ஆனா வேடுவங்களையே பாருங்க, 1911 கணக்குல 5,332 பேரு, 1953ல 803 பேருன்னு எழுதியிருக்கு. அவ்வளவு பேரும் செத்தா போனாங்க, நெறைய பேரு சிங்களவர், தமிழர்னு பதிஞ்சுட்டாங்க, கேட்டா நான் வேடன் இல்லன்னாங்க. இன்னைக்கு தலைவரு தம்பானையில வேடுவ பாஷையில பேசுறது, வீட்டு மருந்த அடுத்த ஆளுக்கு காட்டுறதுன்னு செய்யிறதுல பாதி வேல, எங்க ஆளுன்னு கூச்சப்படாம சொல்ல வைக்கிறதுதான்.

போறதா இருந்தா ஒரு கட்டு வெத்தல வாங்கிட்டு போங்க, போன ஒடனே ஆடி காட்டுங்கன்னு கேக்காதீங்க, ஃபோட்டோவுக்கு மொதல்ல அனுமதி கேளுங்க. வல்லபட்டை (வாசனை மரக்கட்டை), கொத்தல ஹிம்புட்டு (மருந்துக்கொடி)ன்னு யாராச்சும் மெதுவா பை தொறந்து காட்டுனா வாங்கிராதீங்க, வல்லபட்டைய கடத்துறவன கட்டுநாயக்கவுல எத்தன தடவ புடிச்சாங்கன்னு பேப்பர்ல பாத்திருப்பீங்க.

அம்மாகிட்ட ஒன்னு கேட்டு சொல்லுங்க, அவங்க சின்ன புள்ளையில முட்டிக்கு என்ன எலை கட்டுனாங்க, தோட்டத்துல எந்த நம்பர் மலையில பறிச்சாங்கன்னு. எங்க அப்பாயியோட பாவட்டை செடி 7ஆம் நம்பர் மலை மேட்டுல, ரோட்டு வளைவுல ஒன்னு மிச்சம் இருக்கு, களைகொல்லி தெளிக்கிற பொடியன் என் அக்கா மகன், அத மட்டும் சுத்தி விட்டுட்டுத்தான் அடிக்கிறான், கங்காணிக்கும் தெரியும், ஒன்னும் சொல்றதில்ல. வேணும்னா வாங்க, பொழுது சாயுறதுக்கு முன்னாடி வாங்க.